பத்தாம் நாள் முத்திரை

பாவாவின் ஒப்பந்தப்புள்ளி தள்ளுபடியான கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னால். பங்குனி உத்திரம் முடிந்து நாலாம் நாள். அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். நான் தபால் நிலையக் கவுன்ட்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். கிழமையும் நேரமும் இல்லாத செய்தி எனக்குப் பாதிச் செய்தி.

பாவா என்பவர் என் அக்காவின் கணவர். திருத்தணியில் எங்களுடையதைப் போன்ற பல வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு தண்ணீர் லாரி இருந்தது. புத்தூரில் பழையதாக வாங்கி, தொட்டியைப் புதிதாகக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மலையடிவாரத் தெருக்களுக்கும் ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமங்களுக்கும் கோடைதோறும் குடிநீர் கொண்டுபோனது அந்த லாரிதான். ஆனால் வேலை அவர் பெயரில் இல்லை. பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவர் வேலையை எடுப்பார், பாவாவின் லாரி அவருக்குக் கீழே ஓடும். அந்த ஒப்பந்தக்காரர் சாலை வேலைக்குப் போய்விட்டார். எனவே அந்த வருடம் பாவா தன் பெயரிலேயே விண்ணப்பித்தார். கல்யாண மண்டபங்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்கும் தண்ணீர் அடிக்கச் சின்ன வண்டிகள் வந்துவிட்டன. அரசு வேலை கிடைத்தால் லாரி கையில் தங்கும், கிடைக்காவிட்டால் விற்க வேண்டியதுதான். அவருக்கு அறுபத்தொரு வயது. நிலம் கிடையாது. ஓட்டுவதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது.

காகிதங்களைச் சேர்த்தது நான். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கணினிக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, பாவாவின் கையெழுத்தை வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றினேன். ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை இருந்தது: ஏதாவது ஒரு உள்ளாட்சி அமைப்புக்கு இரண்டு வருடம் சொந்தப் பெயரில் தண்ணீர் விட்ட அனுபவம் வேண்டும். திருத்தணியில் எத்தனையோ வருடம் ஓட்டியிருந்தும் அவர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்கு இரண்டு கோடையில் நேரடியாகத் தண்ணீர் விட்டிருந்தார். அங்கே போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தோம். கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தன. தேதியை இரண்டு முறை பார்த்தேன்.

தள்ளுபடிக் கடிதத்தை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன்.

"இன்னா எழுதிக்கிறாங்க?" என்றார் பாவா.

"தகுதி பாக்கற மொதல் கவர்லயே தள்ளிட்டாங்க பாவா. வெலை கவரைப் பிரிக்கவே இல்ல. அனுபவச் சான்றிதழ் தெலுங்குல இருக்குதாம். தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ மொழிபெயர்ப்பு வைக்கலையாம்."

"எது தெலுங்குல இருக்குது?"

"அந்த ஊராட்சில குடுத்தது."

பாவா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது தெலுங்கா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவருக்கு அது தோன்றியிருக்கவில்லை. எனக்கும்தான். அந்தக் காகிதத்தை நான் எத்தனை முறை படித்தேன்! அது வேறு மொழி என்று ஒருமுறையாவது உறைத்திருந்தால் அன்றைக்கே மொழிபெயர்ப்பு வைத்திருப்பேன். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இரண்டு எழுத்திலும் இருக்கும். அக்கா தமிழ்த் தொடர் முடிந்ததும் தெலுங்குத் தொடரை வைப்பாள், நடுவில் சேனலை மாற்றியது அவளுக்கே நினைவிருக்காது. சென்னையிலோ மதுரையிலோ ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அந்த எழுத்து கண்ணை உறுத்தியிருக்கும்.

"ரெண்டு பேரும் உக்காந்து ஒரு மாசம் பேப்பர் பேப்பரா அடுக்குனீங்களே," என்றாள் அக்கா. "ஒருத்தனுக்காவது கண்ணு தெரியலையா?"

"உனக்குத் தெரிஞ்சிதா? நீயுந்தான படிச்ச," என்றார் பாவா.

"எனக்கு எதுக்குத் தெரியணும்? நானா லாரி ஓட்டறேன்?"

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தேன். சான்றிதழ்கள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு என்ற சொல்லே அதில் இல்லை. சொல்லாத நிபந்தனையை வைத்துத் தள்ளியிருந்தார்கள். வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வேலை போயிருந்தது. அவர்கள் விலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டபோது எங்களுடையது அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. ஆனால் நியாயம் எங்கள் பக்கம் இருந்தது என்பதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தைத் தேடி எடுத்தேன். முடிவால் பாதிக்கப்பட்டவர், ஆணை கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அக்கா வீட்டு நாட்காட்டியில் எண்ணினேன். செவ்வாயை விட்டு, புதன் ஒன்று, வியாழன் இரண்டு. பத்தாம் நாள் அடுத்த வாரத்து வெள்ளி. அதைச் சிவப்பு மையால் சுழித்தேன்.

"யார் மேல சொல்றோமோ அவங்க ஆளுங்ககிட்டயே போய்ச் சொல்லணும், அப்படித்தான?" என்றார் பாவா.

"அவங்களுக்கு மேல இருக்கறவங்க பாவா. செக்ரட்டேரியட்டு."

"மேல இருக்கறவனும் அதே தண்ணியத்தான் குடிக்கறான்."

ஆனாலும் "போடு" என்றார். அவர் அப்படிச் சொன்னது என்மீது இருந்த நம்பிக்கையால். சட்டத்தின்மீது அவருக்கு எந்த நம்பிக்கையும் இருக்கவில்லை.

ஒன்பது நாள் எழுதினேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஒன்பது நாள்! இரண்டு பக்கத்தில் முடிகிற விஷயம். ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது, எது இல்லை, சொல்லாததைப் பிறகு சேர்ப்பது ஏன் கூடாது, அவ்வளவுதான். நான் அதற்கு நிகழ்வுகளின் வரிசை ஒன்று தயாரித்தேன். விளம்பரம் வந்த நாள், ஆவணம் இறக்கிய நாள், நேரம், ஏற்றிய நாள், நேரம். முதல் பிரதியில் ஒரு கிழமை தவறாக இருந்தது என்று முழுவதையும் மறுபடி அச்சடித்தேன். சான்றிதழின் தமிழ் மொழிபெயர்ப்பை இணைத்து, அதற்கு ஒரு நோட்டரியின் கையெழுத்தும் வாங்கினேன். மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு நகல் வேண்டுமென்று, ஒப்பந்தப்புள்ளி கோரிய அலுவலகத்துக்கு மூன்று நடை நடந்தேன்.

அங்கே ஒப்பந்தப் பிரிவில் ஒரு பெண் உதவியாளர் இருந்தார். முதல் நாள் போனபோது, "நீங்க கேக்கறது குடுக்கவேண்டியதுதான் சார். எத்தினி நாள்ல குடுக்கணும்னுதான் எங்கயும் எழுதல," என்றார். எட்டாம் நாள், புதன்கிழமை, நகலைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் கோப்பின் தடிமனைப் பார்த்தார்.

"இன்னும் போடலியா சார்?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குதும்மா."

"இருக்குது சார். ஆனா இன்னைக்கே கொண்டுபோய்ச் சேத்துட்டா நல்லது."

சேத்துட்டா என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் காதில் வாங்கவில்லை. கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

வியாழக்கிழமை மாலை பாவா லாரியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மச்சான், நாளைக்கிக் காலைல மொத வண்டி ஏறிட்டா ஒம்போது மணிக்கெல்லாம் சென்ட்ரல். நடந்தே போய் நேர்ல குடுத்துட்டு வந்துடலாம். நானும் வரேன்."

"நேர்ல குடுத்தா என்ன அத்தாட்சி பாவா? எவனோ ஒருத்தன் வாங்கி டேபிள் மேல போடுவான். நாளைக்கி வரவே இல்லம்பான். தபால்ல போட்டா ரசீது இருக்குது, முத்திரை இருக்குது, ஒப்புகை திரும்பி வரும். கோர்ட்டுல நிக்கும்."

"இல்ல, ஒரு சீல் வாங்கிகினு வந்தா..."

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பாத்த வேலை இது."

"ஆங், செரி." ரப்பர் குழாயைத் திருப்பித் தொட்டியின் அடிப்பக்கம் அடித்தார். உள்ளேயிருந்து அக்கா, "அவன் ஆபீஸை அவன் விட்டாலும் அது அவனை விடல," என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

என் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தேதி முத்திரையில் இருக்கும் அச்செழுத்துகளைத் தினமும் காலையில் மாற்றி, முதல் பதிவை அதற்கென்று இருக்கும் புத்தகத்தில் குத்திவிட்டுத்தான் கவுன்ட்டரைத் திறப்போம். எத்தனையோ மாலைகளில், மூடப்போகிற நேரத்தில் மூச்சிரைக்க யாராவது ஓடிவருவார்கள். வேலைக்கு விண்ணப்பம், பரீட்சைக் கட்டணம், வழக்குக் காகிதம். "சார், இன்னைக்கித் தேதி விழணும் சார், இன்னைக்கித் தேதி." நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. குத்திக் கொடுப்பேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக் காப்பாற்றிக் கொடுத்த நிறைவோடு நான் வீட்டுக்குப் போவேன்.

வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு உறையைக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். உறையிலும் முத்திரையை அழுத்திக் குத்தச் சொன்னேன். தெளிவாக, வட்டம் முழுதாக விழுந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்தது. வெளியூர் நிறுவனத்தின் லாரிகள் வந்தன. மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்பதற்காக யாரும் வேலையை நிறுத்திவைக்கவில்லை. பாவா தினமும் லாரியை ஒருமுறை கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதாம். வாரம் ஒருமுறை என்னிடம் கேட்பார், "இன்னா மச்சான், உன் ஆளுங்க இன்னா சொல்றாங்க?" "வரும் பாவா," என்பேன்.

வைகாசியில், ஒரு புதன்கிழமை வந்தது. ஒற்றைத் தாள். மேல்முறையீட்டு மனு பத்து நாள் வரம்பு முடிந்த பின்னர், திங்கட்கிழமையன்று இவ்வலுவலகத்தில் பெறப்பட்டுள்ளது. காலதாமதத்தை ஏற்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே மனுவின் தகுதிக்குள் செல்லாமல் நிராகரிக்கப்படுகிறது.

தகுதிக்குள் செல்லாமல். நான் எழுதிய ஒரு பக்கத்தைக்கூட அவர்கள் படிக்க வேண்டியிருக்கவில்லை. தபால் தாமதமாகவில்லை. வெள்ளி மாலை போட்டது திங்கள் காலை போய்ச் சேர்ந்திருக்கிறது, நடுவில் சனியும் ஞாயிறும் விடுமுறை. என் சகாக்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். பத்து நாளுக்குள் மனு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பத்து நாளுக்குள் திருத்தணியை விட்டுக் கிளம்பினால் போதும் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டருக்கு ஓடிவந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் பார்த்தது முத்திரை வாங்கிக்கொண்டு அவர்கள் திரும்பிப் போனதை மட்டும்தான். அந்த விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயின என்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. ஒருவர்கூடத் திரும்பிவந்து சொன்னதில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு இதே போன்ற ஒற்றைத் தாள் போயிருக்கும்?

பாவாவிடம் சொல்லப் போனேன். லாரியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"தபால் லேட்டாயிடுச்சா?"

"இல்ல பாவா. தபால் சரியாத்தான் போச்சி. நான்தான் லேட்டு. அன்னைக்கி நீங்க சொன்ன மாதிரி நேர்ல போய்க் குடுத்திருந்தா பத்து நாளுக்குள்ள வந்திருக்கும்."

பாவா தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "நேர்ல குடுத்திருந்தா மட்டும் குடுத்துடுவாங்களா? உடு," என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அக்கா அப்படி இல்லை. "ட்ரெயின் டிக்கெட்டு பத்து இருபது ரூபா," என்றாள். பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் ரசம் கொடுத்தனுப்பினாள்.

ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆனால் வேலை தொடங்கிப் பாதிக் கோடை ஓடிவிட்டது, தீர்ப்பு வருவதற்குள் ஒப்பந்தக் காலமே முடிந்துவிடும் என்றார். பாவாவிடம் சொன்னேன். "இன்னொரு தடவை நீ எழுத ஆரம்பிக்காத," என்றார்.

ஆனி கடைசியில், வென்ற நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அக்கா வீட்டுக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும், அவர்கள் லாரிகள் போதாது, பாவாவின் லாரி வாடகைக்கு வேண்டும்.

"குடுக்கலாங்க. நான் எப்ப வரணும்?" என்றார் பாவா.

"வண்டி மட்டும் போதுங்க ஐயா. டிரைவர் எங்க ஆளு. அறுபதுக்கு மேல எங்க கம்பெனில சேக்கறதில்ல." பிறகு இன்னொன்று சொன்னார். ஒப்பந்தம் கொடுத்ததில் தனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, மேற்கொண்டு எங்கும் போக மாட்டேன் என்று பாவா ஒரு கடிதம் தர வேண்டும். "தேதி மட்டும் போட்றாதீங்க. நாங்க போட்டுக்கறோம்."

"தேதி இல்லாம எப்படிங்க எழுதறது?" என்றேன்.

பாவா என் பக்கம் திரும்பவே இல்லை. "எழுது மச்சான். தேதிய வச்சிகினு நாம இன்னாத்த பண்ணோம்?"

எழுதினேன். ஐந்து வரி. பாவா கையெழுத்துப் போட்டார். சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு, இரண்டாம் கியர் கொஞ்சம் இறுக்கம், மெதுவாகப் போடச் சொல்லுங்கள் என்றார்.

லாரி அவர்களிடம் ஓடிய மூன்று வாரத்தில், முதலில் பாவா தினமும் காலையில் நீர் நிரப்பும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. ரப்பர் குழாயைத் தொட்டி வாய்க்குள் சரியாக இறக்கிவிடுவார், பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று கேட்பார். ஒரு நாள் அந்த ஓட்டுநர், "பெரியவரே, எனக்கு ஓட்டத் தெரியும், நீங்க வீட்டுக்குப் போங்க," என்றானாம். வீட்டுக்கு வந்து அதை அவரே சொல்லிச் சிரித்தார். மறுநாளிலிருந்து போகவில்லை.

ஆடிக் கிருத்திகையும் தெப்பமும் முடிந்து இரண்டாம் நாள் லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். இனித் தேவைப்படாது என்றார்கள். ஒப்பந்தம் அடுத்த வருடத்துக்கும் அவர்களுக்கே நீட்டிக்கப்படலாம் என்று பேச்சு இருந்தது. பாவா லாரியைத் தினமும் கிளப்புவதை நிறுத்தினார்.

புரட்டாசியில் புத்தூரிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். தொட்டியைத் தட்டிப் பார்த்தார், உள்ளே இறங்கிப் பார்த்தார். விலை பேசி முடித்து, காகிதங்களில் கையெழுத்துப் போட அவர் ஊருக்கே போனோம். பாவா கடைசியாக லாரியை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில். நகரி தாண்டும்வரை ஏதோ பேசிக்கொண்டே வந்தார். படிவங்கள் தெலுங்கில் இருந்தன. இந்த முறை அது தெலுங்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பாவா கையெழுத்துப் போட்டுவிட்டு, வாங்கியவரிடம் தெலுங்கிலேயே கேட்டார், இதில் என்ன ஓட்டப் போகிறீர்கள் என்று. செப்டிக் டேங்க் கழிவு, என்றார் அவர். மோட்டாரை மாற்றிப் பின்னால் உறிஞ்சு குழாய் வைத்தால் போதும், தொட்டி உறுதியாக இருக்கிறது.

பாவா தலையசைத்தார். தொட்டியின் பக்கவாட்டில் குடிநீர் என்று எழுதியிருந்தது. அதை அழித்துவிடச் சொன்னார். அவரும் கட்டாயம் அழித்துவிடுவதாகச் சொன்னார்.

பேருந்தில் திரும்பினோம். உட்கார இடம் கிடைத்தும் பாவா திருத்தணி வரும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"குடுத்தாச்சா?"

"ஆச்சி."

"இன்னாத்துக்கு வாங்கறானாம்?"

"பால் ஏத்தறானாம்," என்றார் பாவா. "பால் பண்ணை வச்சிக்கினு இருக்கறான்."

அக்கா நம்பாமல் என்னைப் பார்த்தாள். "பாலா?"

"ஆங்க்கா," என்றேன். "பால் வண்டி."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.